செம்மண் தலத்திற்குக் கைக்குழந்தையோடு

தமிழ்நாட்டில் பிறந்த குழந்தை நடக்கக் கற்பதற்கு முன்பே யாத்திரை செய்யத் தொடங்கிவிடுகிறது. முடி இறக்கக் குலதெய்வத்தின் சந்நிதிக்கும், பிணி வந்தபோது நேர்ந்துகொண்ட தலத்திற்கும், பிணி நீங்கியபின் அந்த நேர்த்தியைச் செலுத்துவதற்கும் என்று, முதல் ஆண்டு நிறைவதற்குள் அது தாயின் தோளிலும் பாட்டியின் இடுப்பிலும் இருந்துகொண்டே கண்டுவிடும் ஊர்கள் பல. ஆனால் அதே குடும்பத்தார், சரித்திரப் பிரசித்தி பெற்ற பழைய இடங்களைப் பார்த்துவரலாம் என்ற பேச்சு எழுந்தால் மட்டும், "கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே அலைவது? பிள்ளை பெரிதாகட்டும்" என்று சொல்லிப் பிரயாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். சேது நாட்டிலும் அதையடுத்த சிவகங்கைச் சீமையிலும் உள்ள பழைய கிறிஸ்தவ மிஷன் தலங்களைப் பொறுத்தவரை இந்தத் தயக்கம் வேண்டியதில்லை. அதற்கு மேலும் ஒரு படி சென்று, அத்தலங்களின் உயிர்நிலையை அறிய விரும்புகிறவர்கள் கைக்குழந்தையோடு போவதே உத்தமம் என்பேன். எங்கள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நயினார்கோவிலிலிருந்து புறப்பட்டு அவ்வூர்களைச் சுற்றிவந்த பிறகு எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது.

மிஷன் என்பது, சமய ஊழியத்திற்கென்று தொலைதேசத்திலிருந்து அனுப்பப்பட்ட துறவிகள் ஓரிடத்தில் தங்கி, கோவில் எழுப்பி, அங்குள்ள மக்களுக்கு உபதேசமும் கல்வியும் மருந்தும் அளித்துவந்த நிலையம். உலகில் இவ்வகை நிலையங்களுள் மிகுதியும் பேசப்படுபவை ஸ்பெயின் தேசத்தார் அமெரிக்கக் கண்டத்தில் நிறுவியவை. கலிபோர்னியாவில் 1769-ஆம் ஆண்டு சான் டியேகோவில் தொடங்கி 1823-இல் சொனோமாவில் முடிந்த 21 மிஷன்களை ஒரு நெடுஞ்சாலை வழியாகவே பார்த்துக்கொண்டு போகலாம். அந்நாட்டுக் குடும்பங்கள் விடுமுறைக் காலத்தில் சிறு குழந்தைகளோடு காரில் அப்படிப் போவதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கின்றன. டெக்சாஸ் மாகாணத்தில் சான் அன்டோனியோ நகரத்து மிஷன்கள் 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. வெண்சுண்ணச் சுவர்களும், வளைவுத் தாழ்வாரங்களும், மணிகள் தொங்கும் மாடங்களும் கண்ணுக்கு இனியவையே. எனினும் அவற்றின் அருகே ராணுவக் காவல் இருந்தது என்பதையும், ஞானஸ்நானம் பெற்ற பூர்வகுடிகள் மிஷனை விட்டுத் தம் இச்சைப்படி நீங்க முடியாதிருந்தது என்பதையும், வெளிநாட்டிலிருந்து வந்த நோய்கள் அங்கே கூட்டமாய்க் குடியிருந்தவர்களிடையே பரவியபோது முதலில் மடிந்தவர்களுள் குழந்தைகளே அதிகம் என்பதையும் மறைத்துவிட்டு அந்த அழகை மட்டும் பேசுவது தகாது.

நம் நாட்டு மதுரை மிஷனின் கதை வேறு விதமானது. இத்தாலியத் துறவியான ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து தொடங்கிய அந்த மிஷனுக்குப் பின்பலமாகப் படை ஏதும் நிற்கவில்லை. அதன் துறவிகள் நாயக்கர்களின் ஆட்சியிலும் சேதுபதிகளின் ஆட்சியிலும், அந்த அரசர்கள் அனுமதித்தால் இருந்தும், சினந்தால் சிறைப்பட்டும், காவி உடுத்து, புலால் நீக்கி, இந்நாட்டுச் சந்நியாசிகளின் நியமங்களையே தமக்கும் நியமங்களாகக் கொண்டு வாழ்ந்தார்கள். ஆகையால் அவர்கள் விட்டுச்சென்ற தலங்களில் கோட்டைச் சுவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டா. மண்ணும், மரமும், மக்கள் செலுத்தும் நேர்த்திகளுமே அங்கே அதிகம்.

பரமக்குடி வட்டத்தைச் சேர்ந்த எங்கள் நயினார்கோவில், நாகநாத சுவாமியும் சௌந்தரநாயகியும் கோவில்கொண்ட ஸ்தலம். இங்கே புற்றுமண்ணைப் பிரசாதமாகக் கொண்டுபோகிறவர்களும் நாகதோஷம் நீங்க வேண்டி வருகிறவர்களும் அநேகர். வாய் பேசாதிருந்த தம் மகளை இத்தீர்த்தத்தில் நீராட்ட முஸ்லிம் பெரியவர் ஒருவர் அழைத்துவந்தார் என்றும், அந்தப் பெண் இங்கே முதன்முறையாக வாய் திறந்து சுவாமியைக் கூவி அழைத்தாள் என்றும் தலவரலாறு சொல்லும். ஒரு சமயத்தார் தம் குழந்தையின் பொருட்டு மற்றொரு சமயத்தாரின் சந்நிதிக்குச் சென்று நிற்பது இந்தப் பிரதேசத்தில் இன்று நேற்று வந்த பழக்கமன்று என்பதை அந்த ஒரு கதையிலிருந்தே அறியலாம். அதே நினைவோடுதான் நாங்களும், நாகநாதரைத் தரிசித்து, பேத்தியின் நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு, கிழக்கு வெளுக்குமுன் ஓரியூரை நோக்கிப் புறப்பட்டோம்.

வழியெல்லாம் இருபுறமும் சீமைக்கருவேலம், இடையிடையே பனைகள், மழை பெய்திருந்தால் வயல், பெய்யாவிட்டால் வெடித்த கரிசல். இந்த வறண்ட பூமியை வாழவைத்தவை கண்மாய்கள் என்பதை ராஜசிங்கமங்கலத்தை நெருங்கும்போது யாரும் சொல்லாமலே உணரலாம். "நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடை" என்று பழமொழியில் ஏறிவிட்ட அவ்வூர்க் கண்மாயின் கரை நெடுந்தூரம் கூடவே வருகிறது. திருவாடானையில் ஆதிரத்தினேசுவரரின் கோபுரத்தைக் கண்டு, அங்கிருந்து கடலோரத்தை நோக்கித் திரும்பினால், பாம்பாற்றை அடுத்து ஓரியூர்.

ஓரியூரில் காரை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது மண்தான். சுற்றுப்புறத்து நிலமெல்லாம் சாம்பலும் கருமையுமாயிருக்க, இங்கே ஓரிடத்தில் மட்டும் மணல் சிவந்து கிடக்கிறது. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி இந்த இடத்தில் தலை வெட்டப்பட்டு உயிர் நீத்த துறவியின் குருதி பட்டுச் சிவந்த மண் இது என்பது பக்தர்களின் நம்பிக்கை. அவரைச் செம்மண் புனிதர் என்று இந்நாட்டார் அழைக்கிறார்கள். பெற்றோர் இட்ட பெயர் ஜான் தெ பிரிட்டோ. தமிழ்நாட்டில் அவர் பூண்ட பெயர் அருளானந்தர்.

அவருடைய சரித்திரத்தைத் தொடங்கவேண்டிய இடம் லிஸ்பன் நகரம். அங்கே ஒரு தாயின் நேர்த்திக்கடன். 1647-இல் பிரபுக்கள் குலத்தில் பிறந்து, போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசன் பேதுருவுக்குத் தோழனாய் வளர்ந்த அந்தச் சிறுவன் ஒருமுறை கடும் நோயுற்று, வைத்தியர்கள் நம்பிக்கை இழந்தபோது, கணவனை இழந்தவளாகிய அவன் தாய், முன்னொரு நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியாரை வேண்டி, மகன் பிழைத்தால் சவேரியாரின் சபைத் துறவிகளின் அங்கியை ஓராண்டு அவனுக்கு உடுத்துவதாக நேர்ந்துகொண்டாள். மகன் பிழைத்தான்; ஓராண்டு அந்த அங்கியோடு அரண்மனையில் உலவினான். பழநிக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்குக் காவி உடுத்தும் நம் தாய்மாருக்கு இந்த அன்னையின் உள்ளத்தைப் புரிந்துகொள்ள வியாக்கியானம் வேண்டியதில்லை. அந்தத் தாய் நினைத்தது ஓராண்டு உடை. பிள்ளை ஆயுள் முழுவதும் அதையே விரும்பிவிட்டான். 1662-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1673-இல் குருப்பட்டம் பெற்றுக் கோவாவுக்குக் கப்பலேறி, அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தான்.

இங்கே அவர் கொண்ட வேஷம் பண்டாரசாமியின் வேஷம். உயர்ந்த வகுப்பாரோடு மட்டும் பழகவேண்டிய நிலையிலிருந்த பிராமண சந்நியாசியின் கோலத்தைவிட, எல்லா வகுப்பாரின் வீட்டு வாசலுக்கும் செல்லக்கூடிய பண்டாரத்தின் கோலமே தமக்குத் தகும் என்று அவர் கருதினார். காவித் துணியும், கையில் கோலும், காலில் மரக்கட்டைச் செருப்புமாக, சோறும் கீரையும் பருப்பும் தவிர வேறொன்றும் உண்ணாமல், காவேரிப் பாசனத்து ஊர்களிலிருந்து மறவர் சீமை வரை அவர் நடந்த தூரத்தை இன்று காரில் போகிறவர்கள் எண்ணிப்பார்ப்பதே கடினம். 1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, பின்பு விடுவிக்கப்பட்டார். சபையின் பணியாக ஐரோப்பாவுக்குச் சென்றபோது, அப்போது அரசனாயிருந்த பழைய தோழன் பேதுரு அவரை அங்கேயே இருத்திக்கொள்ள முயன்றும் இணங்காமல், 1690-இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்துவிட்டார்.

அவர் உயிரைக் கவர்ந்த காரணம் மதம் மட்டுமல்ல, அரசியலும் குடும்பமும் அதில் பின்னிக் கிடந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால், அப்போது மறவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நியாயம் செய்தவர்களாகமாட்டோம். மறவர் சீமையின் அரசுரிமையில் பங்குடையவராகக் கருதப்பட்ட தடியத்தேவர், தீராத நோயிலிருந்து குணமடைந்தபின் கிறிஸ்தவராக விரும்பினார். பல மனைவியருள் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினாலன்றி ஞானஸ்நானம் இல்லை என்பது அருளானந்தரின் கண்டிப்பு. தேவர் இணங்கினார். அவ்வாறு விலக்கப்பட்டவர்களுள் இளையவளான கடலாயி சேதுபதியின் உறவுப் பெண். அவள் அழுதுகொண்டு சென்று முறையிட்ட இடம் அரண்மனை. வீட்டை விட்டு விலக்கப்பட்ட அந்தப் பெண்ணின் வருத்தமும் இந்தச் சரித்திரத்தில் ஒரு மெய்யான வருத்தம். தலபுராணம் சொல்கிறவர்கள் அவளைப் பொல்லாதவளாக மட்டும் சித்திரிப்பதை நான் ஏற்கவில்லை. ஜனவரி 8-ஆம் தேதி அருளானந்தர் சிறைப்பட்டார். தலைநகரில் தண்டித்தால் கலகம் விளையுமென்று அஞ்சி, சேதுபதியின் சகோதரரின் ஆளுகையில் இருந்த ஓரியூருக்கு அவரை அனுப்பினார்கள் என்பர். மரணத்திற்கு முந்தின நாள், கரியைக் கரைத்த மையும் ஒரு துரும்பும் கொண்டு அவர் தம் சகோதரத் துறவிகளுக்கு எழுதிய கடிதம் அவருடைய மன அமைதிக்குச் சாட்சியாய் நிலைத்துவிட்டது. லிஸ்பனுக்குச் செய்தி எட்டியபோது அவருடைய தாய் துக்க உடையை நீக்கி, திருநாள் உடை பூண்டு அரசவைக்கு வந்தாள் என்று சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். 1947 ஜூன் 22-ஆம் தேதி, போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

இவ்வளவையும் ஒரு புத்தகத்தில் படித்துவிடலாம். புத்தகத்தில் கிடைக்காதது, போர்த்துக்கல் பாணியில் எழும்பிய அந்தக் கோவிலின் முகப்புக்கு எதிரே மரநிழலில் நடந்துகொண்டிருக்கும் காரியங்கள். நாங்கள் போனது திருவிழா இல்லாத சாதாரண நாள். ஆயினும் நேர்த்தி செலுத்த வந்த குடும்பங்கள் இருந்தன. ஒரு வேம்பின் கீழ்ப் பாய் விரித்து, தாய்மாமன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பேத்தியின் வயதேயுள்ள ஓர் ஆண்குழந்தை. நாவிதர் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அதன் மென்மையான முடியை ஈரப்படுத்தி, உச்சியிலிருந்து நெற்றிப்பக்கம் கத்தியை இழுத்தார்; அந்த முதல் கற்றை கீழே விழாமல் அத்தை ஒரு வெற்றிலையில் ஏந்திக்கொண்டாள். குழந்தை வீரிட்டது. மாமன் அதன் இரண்டு கைகளையும் தம் ஒரு கையில் அடக்கி, மற்றொரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, காதோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சிரைத்து முடிந்த மண்டையில் பாட்டி சந்தனத்தைக் குழைத்துப் பூசியதும் அழுகை நின்றது. சந்தனத்தின் குளிர்ச்சி இன்னதென்று அறியாமல் அது தன் தலையைத் தானே தடவிப் பார்த்து, கையை விரித்துக்கொண்டு விழித்தது. எங்கள் பேத்தி என் மனைவியின் இடுப்பிலிருந்தபடியே அந்த மொட்டைத் தலையை எட்டித் தொட முயன்றாள்.

அதன்பின் இரண்டு குடும்பங்களுக்கும் இடையே அறிமுகம் என்ற ஒன்று தேவைப்படவில்லை. "தாயி, பிள்ளைக்கு எத்தனை மாசம்?" என்று என் மகளைக் கேட்டாள் அந்தப் பாட்டி. "பத்து முடிஞ்சிருச்சு அப்பத்தா" என்றாள் மகள். "பல்லு வந்திருச்சா? இங்கிட்டுக் கொடு, நீ போயிச் சாமி கும்பிட்டுட்டு வா, நான் செத்த வச்சிருக்கேன்" என்று, பதிலுக்குக் காத்திராமல் குழந்தையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். தனியாகப் போயிருந்தால் கோவிலைச் சுற்றிப் பார்த்து, கல்வெட்டைப் படித்து, திரும்பியிருப்போம். கைக்குழந்தை ஒன்று இருந்ததனால், அவர்கள் எந்த ஊரார், என்ன வேண்டிக்கொண்டார்கள், அவர்களுடைய முன்னோர் மூன்று தலைமுறையாக எப்படி இங்கே முடி இறக்குகிறார்கள் என்பதெல்லாம் நாங்கள் கேளாமலே எங்களுக்குச் சொல்லப்பட்டன. அவர்கள் கிறிஸ்தவர்களும் அல்லர். பிள்ளை வரம் கேட்டவர்கள் தென்னங்கன்று கொண்டுவந்து செலுத்துவதும், காது குத்துவதும், ஆடு அறுத்துச் சமைத்து வந்தவர்க்கெல்லாம் சோறிடுவதும் இத்தலத்தின் சம்பிரதாயங்கள். இவற்றை இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வேறுபாடில்லாமல் செய்கிறார்கள். எந்தச் சீமையில் அந்தத் துறவி தலை கொடுத்தாரோ அந்தச் சீமையின் மறவர் குடும்பங்களே இன்று அவரிடம் தம் பிள்ளைகளை ஒப்படைத்து வணங்குகின்றன. லிஸ்பனில் ஒரு தாய் தன் பிள்ளைக்காகச் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டாள். அந்தப் பிள்ளையிடம் இன்று ராமநாதபுரத்துத் தாய்மார் நேர்ந்துகொள்கிறார்கள். இந்தத் தொடர்ச்சியை ஓரியூர் மண்ணில் குழந்தைகளின் நடுவே நின்று கண்டபோது என் நெஞ்சு நெகிழ்ந்தது.

புறப்படும்போது பக்தர்கள் அந்தச் சிவந்த மணலில் ஒரு பிடியைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொள்கிறார்கள். நோயுற்றவர் நெற்றியில் இடுவதற்கு அது மருந்து. மணலில் இறக்கிவிடப்பட்ட எங்கள் பேத்தி இரண்டு கையாலும் அள்ளி, விரலிடுக்கில் அது ஒழுகுவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தகைய பிரயாணத்தில் குழந்தையின் சௌகரியத்தைப் பற்றிச் சில வார்த்தை. சித்திரை, வைகாசி மாதங்களில் இந்தப் பிரதேசத்தின் வெயில் பெரியவர்களுக்கே கொடிது. மார்கழி முதல் மாசி வரையே தகுந்த காலம். காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று நம்மில் பலர் எண்ணுவது தவறு. வண்டி திடீரென்று நின்றால் தாயின் பிடி நில்லாது. குழந்தைகளுக்கென்று விற்கும் இருக்கையைப் பின் ஆசனத்தில், குழந்தையின் முகம் வண்டியின் பின்புறம் நோக்குமாறு கட்டிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையாவது நிறுத்திக் குழந்தையை வெளியே எடுத்து நீட்டி நிமிரவிட வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்குத் தாய்ப்பாலே உணவும் நீரும். தனியே தண்ணீர் புகட்டவேண்டியதில்லை, தாய்தான் வழக்கத்தைவிட அதிகமாக நீர் அருந்த வேண்டும். அதற்கு மேற்பட்ட வயதானால் கொதித்தாறிய தண்ணீர், கேப்பைக் கூழ், குழையப் பிசைந்த பருப்புச் சோறு இவற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டும் பையில் இருக்கட்டும். ஒரு பழைய நூல் சேலையை மறவாதீர்கள். எந்தத் தலத்திலும் ஒரு மரக்கிளை கிடைத்தால் அது தூளியாகிவிடும். தூளியில் குழந்தை உறங்கும் நேரம் பெரியவர்கள் முறைவைத்துச் சென்று பார்த்துவருவதற்கு உகந்த நேரம். ஒரு நாளைக்கு இரண்டு தலங்களுக்கு மேல் வைத்துக்கொண்டால் குழந்தையும் வாடும், பார்த்ததும் மனத்தில் தங்காது.

ஓரியூரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் சருகணி. மக்கள் சின்னச் சவேரியார் என்று கொண்டாடிய ஜேம்ஸ் ரோசி என்ற துறவி 1774-இல் மறைந்தது இவ்வூரில். அதற்கு முந்தின ஆண்டுதான் ரோமாபுரியின் ஆணையால் இயேசு சபையே கலைக்கப்பட்டிருந்தது. தம்மை அனுப்பிய சபை இல்லாமற்போன பின்னும் அவர் தம் ஜனங்களை விட்டுப் போகவில்லை. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் இந்தக் கோவிலுக்குத் தேர் செய்து கொடுத்ததாக ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள்; காளையார்கோவிலின் கோபுரத்தை எழுப்பிய கைகள் அவை. 1973-இல் மறைந்த பிரெஞ்சுத் துறவி லெவே அடிகளின் கல்லறையும் இங்கே உண்டு. அதன் பக்கத்தில் உட்கார்ந்து மௌனமாகப் பிரார்த்திக்கும் கிராமத்து மக்களை எப்போதும் காணலாம்.

மானாமதுரைப் பக்கத்து இடைக்காட்டூர் வேறொரு காலத்தைச் சேர்ந்தது. கலைக்கப்பட்ட சபை மீண்டும் உயிர்பெற்று, பிரெஞ்சுத் துறவிகள் புதிய மதுரை மிஷனை நடத்திவந்த நாளில், பெர்டினாண்டு செல் என்ற பாதிரியார் பிரான்சு தேசத்து ரீம்ஸ் பேராலயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 1894-இல் கட்டி முடித்த திருஇருதய ஆலயம் அது. நாற்புறமும் வயலும் வரப்புமாயுள்ள கிராமத்தில் கூர்மாடங்களோடு எழுந்து நிற்கும் அந்தக் கட்டடத்தை முதன்முறை பார்க்கிறவர்கள் சற்றுத் திகைத்து நின்றுவிடுவார்கள். அருகே சென்று சுவரைத் தடவிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: பூவேலைப்பாடுகளும் வளைவுகளும் கல்லில் செதுக்கியவை அல்ல, வேண்டிய வடிவத்திற்கெல்லாம் தனித்தனி அச்சு செய்து, மண்ணை வார்த்துச் சுட்டெடுத்த செங்கற்கள். ரீம்ஸின் வடிவத்தை நம் குயவர் மண்ணில் கொண்டுவந்து நிறுத்திய கைத்திறன் அது. உள்ளே நுழைந்ததும் பேத்தி விதானத்தை அண்ணாந்து பார்த்து ஒரு கூவல் கூவினாள். கூவியது மேலே சென்று திரும்பிவந்து அவள் காதிலேயே விழவே, வியந்து மறுபடியும் கூவினாள். ஜெபம் செய்துகொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். மகள் பதறிக் குழந்தையின் வாயைப் பொத்தப் போனபோது, "விடு தாயி, அதுவும் பாடட்டும்" என்றாள் அந்த அம்மாள்.

இங்கிருந்து பரமக்குடி வழியாக ஊர் திரும்பிவிடலாம். வேறொரு நாளில் கடற்கரைத் தலங்களைப் பார்ப்பது நல்லது. அந்தக் கரையில்தான் ஸ்பெயின் தேசத்து நவார் நாட்டில் பிறந்த சவேரியார் 1542-க்குப் பின் நடமாடினார். பரதவர் ஊர்களில் தாம் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகளின் தொகையைச் சொல்லமுடியாமல், கை ஓய்ந்துபோயிற்று என்றும், ஜெபம் கற்றுக்கொடு என்று சூழ்ந்துகொள்ளும் பிள்ளைகள் தம்மை உண்ணவும் உறங்கவும் விடுவதில்லை என்றும் அவர் கடிதம் எழுதினார். தமிழ் நன்றாக வராத அவர், ஜெபங்களை மனப்பாடம் செய்த சிறுவர்களையே நோயாளிகளின் வீடுகளுக்குத் தம் சார்பில் அனுப்பிவைத்தார். இந்தக் கடற்கரையில் கிறிஸ்தவத்தைப் பரப்பியவர்கள் ஒருவகையில் குழந்தைகளே.

மண்டபத்தை அடுத்த வேதாளைக்குப் போகிறவர்கள் அங்கே வேறொரு பாடத்தையும் கேட்கவேண்டும். போர்த்துக்கீசியர் அங்கே காவல்நிலையம் அமைத்து, ராமேசுவரத்திற்குச் செல்லும் யாத்திரிகர்களிடம் வரி வாங்கினார்கள். தீர்த்தமாடப் போகிறவர்களை வழிமறித்த அந்தச் செய்கை மூட்டிய சினத்தில், விஜயநகரப் படை 1549-இல் வந்து தாக்கியது. சிப்பாய்கள் கப்பலுக்கு ஓடினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் படகேற்றிவிட்டுத் தாம் கரையிலேயே நின்ற அந்தோணி கிரிமினாலி என்ற இளம் துறவி கொல்லப்பட்டார். படையை நம்பிய மிஷனுக்கும் நம்பாத மிஷனுக்கும் உள்ள தாரதம்மியத்தை வேதாளையையும் ஓரியூரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

பாம்பன் பாலத்தைக் கடந்தால் தங்கச்சிமடத்தின் பக்கம் சந்தியாகப்பர் ஆலயம். ஸ்பெயின் நாட்டின் பாதுகாவலரான அதே புனிதர்தான் இங்கே குதிரைமேல் வீற்றிருந்து, ஜூலை மாதத் திருவிழாவில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் மூவகையாரின் வணக்கத்தையும் ஏற்கிறார். குதிரைமேல் வரும் தெய்வத்தை வணங்கிப் பழகிய அய்யனாரின் நாட்டுக்கு அவர் அந்நியராகப் படவில்லை. தனுஷ்கோடியில், 1964 டிசம்பர்ப் புயலில் இடிந்த பவளக்கல் தேவாலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. கலிபோர்னியாவில் 1812-ஆம் ஆண்டு பூகம்பத்தில் ஆராதனை நடந்துகொண்டிருக்கையிலேயே சரிந்த சான் ஹுவான் கபிஸ்திரானோ மிஷனின் கல் தேவாலயத்தை வேலியிட்டு, அளந்து, செப்பனிட்டுப் பேணிவருகிறார்கள். நம் தனுஷ்கோடிச் சுவர்களின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களையும், பவளக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களையும் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அங்கே உப்புக்காற்றும் மணலும் குழந்தையின் கண்ணுக்கு ஆகா. காலையில் போய், பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

தமிழகத்துப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்கென்று தனியறைகள் 2015-இலிருந்து அமைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளின் பொருட்டே ஜனங்கள் தேடிவரும் எங்கள் ஊர்க் கோவில் முதலாக ஓரியூர், இடைக்காட்டூர், தனுஷ்கோடி ஈறாக எல்லாத் தலங்களிலும், நிழலும் குடிநீரும் தூளி கட்ட ஒரு கொக்கியும் உள்ள அத்தகைய அறை ஒன்று அவசியம் இருக்கவேண்டும். தலங்களை நிர்வகிக்கிறவர்களும் சுற்றுலாத் துறையினரும் இதை மனத்தில் கொள்ளவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இளம் பெற்றோர்களுக்கு நான் சொல்வது, பிள்ளை பெரிதாகட்டும் என்று காத்திராமல் வருகிற மார்கழியிலேயே புறப்படுங்கள் என்பதுதான்.